டென்டர்ஹுக் என்னும் கொக்கி

தாமல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஆபீசில் யாரோ 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்று சொல்ல, ஏதோ அரசாங்க டெண்டர் என்று நினைத்துத் திகைத்து நின்றதாகப் போனில் சொன்னாய். 'தவிப்போடு காத்திருத்தல்' என்று அகராதி சொல்லும். அந்தப் பொருள் நாலு நாளில் மறந்துபோகும். அதன் கதை மறக்காது. அது நம்ம தொழில் கதை.

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் கம்பளித் துணியை நெய்ததும் நனைத்து, மிதித்துத் தடிப்பாக்குவார்கள். ஈரத்துணி சுருங்கும், கோணும். அதனால் திடலில் நீளமாக மரச்சட்டம் நட்டு, அதில் வரிசையாக அடித்த வளைந்த ஆணிகளில் துணியின் ஓரங்களை மாட்டி, இழுத்துக் காயவிடுவார்கள். சட்டம் டென்டர், ஆணி டென்டர்ஹுக். விறைப்பாக இழுபட்டு, காயும்வரை அசைய வழியில்லாமல் நிற்கிற அந்தத் துணிதான் தவிக்கிற மனசு. 1748இல் வந்த ஸ்மாலெட்டின் 'ராடரிக் ராண்டம்' நாவலிலேயே இது மனசைப் பற்றிய பேச்சாகிவிட்டது.

நம் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டி, கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டுவோமே, அதற்கடியில் குனிந்து ஓடித் திட்டு வாங்கினவள் நீ. தூறல் விழுந்துவிடுமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாரே உன் தாத்தா, அந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான இங்கிலீஷ் எனக்குத் தெரியவில்லை.

'டைட் இன் த உல்' என்பதும் அப்படித்தான். நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயம் ஏற்றினால் உள்வரை பிடிக்கும். கொள்கையில் ஊறிப்போன ஆளை அப்படிச் சொல்கிறார்கள். நாமும் பட்டைக் கழியாக இருக்கும்போதே சாயத்தில் போடுகிறவர்கள்தானே.

வேற்றுமொழிச் சொலவடையோடு நீ படுகிற இதே பாட்டை எதிர்க்கரையிலிருந்து பட்டவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வாழ்ந்த ஆங்கிலேயர். 1874இல் அவர் இங்கிலீஷ் பொருளோடு வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் இருக்கின்றன.

ஆனால் காதில் விழுகிற கதையையெல்லாம் நம்பாதே. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று இங்கிலீஷில் சொல்வதற்கு, கூரையிலிருந்து அவை வழுக்கி விழுந்ததாக ஒரு கதை சுற்றுகிறது. அது பின்னால் கட்டிவிட்டது.

லண்டனில் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், 'டென்டர் கிரவுண்ட்' என்று ஒரு சின்னத் தெரு இன்றும் இருக்கிறது. துணி காயவைத்த திடலின் பெயர் அது. பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனாட் பட்டு நெசவாளர்கள் குடியேறிய வட்டாரமும் அதுவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

பெரியப்பா