இரண்டு யானைகளும் ஒரு பெண்ணும்



மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் சதுரங்கத்தைப் பற்றி எழுதுவதா எனத் தாங்கள் வியக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இவ்விளையாட்டு மக்ரூஹ் என்ற அளவில் நிற்க, பிற மத்ஹபுகளின் அறிஞர் பலர் இதனைத் தடுத்தே உள்ளனர். சூது கலந்தாலும், தொழுகையைப் பாழாக்கினாலும் கூடாது என்பதில் இருவேறு கருத்தில்லை. அவ்வெல்லையை மீறாமல், பிறர் ஆடிய ஆட்டங்களை ஓய்வு வேளையில் படித்து மகிழ்பவன் நான்.

வலியது ஒன்றை வெட்டக் கொடுத்து வெற்றி காணும் ஆட்டங்களே என்னைப் பெரிதும் கவர்ந்தவை. 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ கிராமத்தில், மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் லெவோன் அரோனியனை எதிர்த்து ஆடினார். 15ஆவது நகர்த்தலில் தம் மந்திரியை, எதிரியின் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தார். அடுத்த நகர்த்தலில் குதிரையையும் அவ்வாறே நிறுத்தினார். பின்னர் யானை பறிபோனது. அதனை வெட்டிய குதிரையை உடனே எடுக்காமல், அமைதியாக ஒரு சிப்பாயை நகர்த்தினார். 23ஆவது நகர்த்தலில் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஆனந்த் எதையும் வீசி எறியவில்லை. ஒவ்வொன்றையும் கணக்கிட்டே கொடுத்தார்.

அரபு, பாரசீக மரபில் இதனினும் பழைய கதை ஒன்று உண்டு. சூதில் அனைத்தையும் இழந்த ஒருவன், இறுதியில் தன் மனைவி திலாராமையே பணயம் வைத்தான். தோல்வி நெருங்கிய வேளையில், பலகையைக் கவனித்திருந்த அவள், இரண்டு ருக்குகளையும் கொடுத்துத் தன்னைக் காக்குமாறு குறிப்புணர்த்தினாள். மூலையில் நிற்கும் அக்காயைத்தான் நாம் யானை என்கிறோம். அவன் இரண்டையும் இழந்தான். எஞ்சிய சிறு காய்களாலேயே எதிரியின் ராஜாவை மடக்கினான்.

இக்கதையை எண்ணும்போதெல்லாம் என் அண்ணனின் நினைவு வருகிறது. 1996இல் எங்கள் தந்தையார் வஃபாத்தானபோது அவர் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தார். புத்தகப் பையை என்னிடம் தந்துவிட்டு, நாகரசம்பட்டியிலிருந்து ஓசூருக்குத் தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட்டார். அவருடைய கூலியில்தான் நான் பி.ஏ. படித்தேன். விடுமுறையில் அவர் வாங்கி வந்த பிளாஸ்டிக் பலகையில்தான் சதுரங்கமும் கற்றேன். 'அவராகவே கொடுத்தார்' என்று நான் ஆறுதல் கொள்வதுண்டு. ஆயினும், 'நீ படி' என்று அன்று வீட்டில் எவரும் அவரைத் தடுக்கவில்லை என்பதும் உண்மை.

சென்ற ஆண்டு ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மகனை இஞ்சினியரிங்கில் சேர்க்க வேண்டும். பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்திவிடலாமென்று இருக்கிறேன். குடும்பத்திற்காக ஒரு தியாகம்தானே?" என்றார்.

"யாருடைய தியாகம், பாய்?" என்று கேட்டேன்.

அவர் மறுமொழி கூறாது எழுந்து சென்றார். பள்ளி திறந்த நாளன்று அப்பெண் பதினோராம் வகுப்புக்குச் செல்வதைக் கண்டேன். சில நாட்கள் கழித்து, அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார் என்று அறிந்தேன். இப்போது சந்தைக்கு நடந்தே போகிறார்.

அன்புச் சகோதரர்களே! பலகையில் உள்ள காய்க்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. நம் வீட்டில் உள்ளவர்களோ உயிரும் கனவும் உடையவர்கள். பிறருடைய வாழ்வை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயரிட வேண்டாம். கொடுப்பதாயின் நம்முடைய யானையைக் கொடுப்போம், திலாராமைக் காப்போம். அதற்கான மனவலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.