கீழிருந்து வரும் குளிர்

காரை நிறுத்தவே அவர்களுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. பெரியவர் வண்டிக்குள் இருந்தார். அந்த அம்மா வெளியே நின்று காய்ந்த பைன் ஊசிகளை உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். கையைக் காட்டினார். வண்டி பின்னால் போய் வளைந்து மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்துக்கொண்டது. அதுவும் திருப்தியில்லை. இன்னொரு முறை நகர்த்தினார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். ஒருவரிடம் ஒருவர் அதிகம் பேசவில்லை.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் மேதர் முகாம். தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மேதரின் பெயரைத் தாங்கிய இடம், குளிர்காலத்திலும் மூடுவதில்லை. ஏறத்தாழ 7,000 அடி உயரம். அரிசோனா என்றதும் பாலையும் வெயிலுமே நினைவுக்கு வரும். இங்கே ஜனவரி இரவுகளின் சராசரி மைனஸ் 8 டிகிரி செல்சியஸ். ஒரு மைல் கீழே கொலராடோ ஆற்றங்கரையில் இவ்வளவு குளிர் இல்லை. ஜூனிப்பர் மரங்களின் நிழலில் பழைய பனி அழுக்கேறிக் கிடந்தது. எல்க் மான்கள் இரண்டு யாரையும் சட்டை செய்யாமல் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தன. பக்கத்து இடத்து மரமேசையில் நான். சூடாக ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் யாரும் நம்மை ஏன் பார்க்கிறாய் என்று கேட்பதில்லை.

காரின் கூரைமேல் மடித்து வைத்திருந்த கூடாரத்தைப் பெரியவர் ஏணியைப் பிடித்து இழுத்துத் திறந்தார். புத்தகம் விரிவது போல நடுக்கீலில் விரிந்தது. பாதிப் படுக்கை கார்க்கூரைமேல். மறுபாதி ஏணியின் பலத்தில் அந்தரத்தில். படுத்தால் தலை காருக்கு மேலே இருக்கும். இடுப்புக்குக் கீழே வெறும் காற்றுக்கு மேலே.

அந்தரத்தில் நிற்கும் அந்தப் பாதிதான் விஷயம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில், சாலை உறைவதற்கு முன் பாலம் உறையும் என்று எச்சரிக்கும் பலகைகளைக் காணலாம். மண் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல மெல்ல விடுகிறது. பாலத்துக்கு அடியில் மண் இல்லை, காற்று ஓடுகிறது, மேலும் கீழும் குளிர்கிறது. தரையில் கூடாரம் போட்டவனுக்கு அடியில் மண் இருக்கிறது. கூரைமேல் படுப்பவர் பாலத்தின் மேல் படுக்கிறார். இந்தவகைக் கூடாரம் பெருகியது ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்காவின் தென்பகுதி போன்ற வெயில் நாடுகளில். தரையில் ஊரும் நடமாடும் உயிர்களிடமிருந்து எட்டிப் படுக்க. அங்கே அடியில் காற்று ஓடுவது சுகம். அதே படுக்கையை உறைபனிக்குக் கொண்டுவந்தவர்கள் மேலே போர்வையைத்தான் கூட்டுகிறார்கள், அடியை நினைப்பதில்லை. இவர்கள் நினைத்தவர்கள் என்பது மெத்தையை முழுதாக வெளியே எடுத்தபோதே தெரிந்துவிட்டது.

கூடாரத்தோடு வந்த மெத்தை அது. நான்கு விரற்கடை தடிமன். அதை மேசைமேல் சாய்த்துவிட்டு, பெரியவர் ஏணியில் ஏறி உள்ளே முழங்காலிட்டார். அந்த அம்மா கீழிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முதலில் பிளாஸ்டிக் இழைகளைச் சுருள் சுருளாக நெய்த கறுப்பு வலைப்பாய். அவர் அதைப் பலகைமேல் விரிக்கத் தொடங்கினார். அந்த அம்மா ஏணியின் மூன்றாம் படியில் ஏறி, பாயின் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குழந்தைகள் விளையாடும் அறையில் தரைக்குப் போடுகிற, ஒன்றோடொன்று கோக்கும் ஃபோம் சதுரங்களை நீட்டினார். ஆங்கில எழுத்துகள் பொறித்த சிவப்பு, மஞ்சள், நீலச் சதுரங்கள். பெரியவர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். சதுரங்கள் அடியில், வலைப்பாய் அவற்றின் மேல், அதன் மேல் மெத்தை.

அந்த அம்மா செய்ததுதான் சரி என்பேன். தூங்குகிறவர் உடலிலிருந்து இரவெல்லாம் ஈரம் கசிகிறது. அது மெத்தைக்குள் ஊடுருவிக் கீழே இறங்குகிறது. குளிர்ந்த பலகையைத் தொட்ட இடத்தில் நீராகிறது. கவனிக்காமல் விட்டால் சில நாளில் மெத்தையின் அடியில் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். அலுமினியப் பலகையென்றால் வெப்பத்தை இன்னும் வேகமாக வெளியே கடத்திவிடும். மூடிய கண்ணறை கொண்ட ஃபோம் பலகைமேல் இருந்தால் மெத்தையின் அடிப்புறம் அவ்வளவு குளிராது. மீறிச் சேரும் ஈரத்துக்கு வலைப்பாய் ஒரு விரற்கடை காற்றிடைவெளி கொடுக்கிறது. வலைப்பாயை மட்டும் போட்டுவிட்டுக் குளிருக்கு வழி செய்துவிட்டதாக நம்புகிறவர்கள் உண்டு. அது ஈரத்துக்கு வைத்தியம், குளிருக்கு அல்ல.

அந்தரத்தில் நிற்கும் பாதிக்கு மட்டும் சதுரங்கள் இரண்டு அடுக்கு. கீல் ஓடும் நடுக்கோட்டில் ஒரு பள்ளம் இருந்தது. பெரியவர் ஃபோம் துண்டொன்றைச் சுருட்டி அதில் திணித்தார். ஏணிப் பக்கத்தில் கனத்த துணித் திரையொன்றைத் தரைவரை தொங்கவிட்டு, ஓரங்களைக் கல் வைத்து அமுக்கினார். காற்று இனி அடியில் புகுந்து ஓடாது. காரை அத்தனை முறை திருப்பியதும் இதற்காகத்தான்.

அடுத்து வந்தது பளபளக்கும் குமிழ்த் தாள். அதை மெத்தைக்கு அடியில் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். போடவில்லை. ஜன்னல் அளவுக்கு வெட்டி வைத்திருந்த துண்டுகளை உட்புறச் சுவரில் சற்றே இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்தத் தாளின் வேலை, கதிராக வரும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவது. அதற்கு முன்னால் காற்றிடைவெளி வேண்டும். உடம்பின் பாரத்தில் நசுங்கிக் கிடந்தால் தொட்டே வெப்பம் கடந்துவிடும். பளபளப்புக்கு அங்கே வேலையில்லை. எத்தனையோ பேர் அதை முதுகுக்கடியில் விரித்துவிட்டு விடியவிடிய நடுங்கியிருக்கிறார்கள்.

மெத்தை ஏறியது. அதன் மேல் மடித்து விரிக்கும் முட்டைத்தட்டு வடிவ ஃபோம் பாய்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு. படுக்கைப் பாய்கள் வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்பதை ஆர்-மதிப்பு என்ற எண்ணால் சொல்கிறார்கள். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி அளந்தது. 2018இல்தான் பொதுவான சோதனைமுறை வந்தது. இந்த எண்ணில் எனக்குப் பிடித்தது, அதைக் கூட்டலாம் என்பது. இரண்டு மதிப்புள்ள பாயின் மேல் இரண்டு மதிப்புள்ள பாய், நான்கு. விலை உயர்ந்த ஒன்றை வாங்க முடியாதவர்கள் மலிவான இரண்டை அடுக்கலாம்.

பாய்களின் மேல் சாம்பல் நிறக் கம்பளி. அதன் மேல் இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் இரண்டு. இறகு சூடு தருவதில்லை. இழைகளுக்கிடையே காற்றைச் சிறைபிடித்து, நம் சூட்டை நமக்கே வைத்துத் தருகிறது. முதுகுக்கடியில் அது நசுங்கிக் காற்றை இழக்கிறது. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையானாலும் கீழ்ப்பக்கம் பாதுகாப்பு அற்றதுதான். மேலே மூன்று போர்வை போர்த்தியும் குளிர்கிறதே என்று தவிப்பவர்களின் முதுகைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

மாலை ஐந்தரைக்கு வெளிச்சம் செம்மையேறியது. அடுப்பு வெளியே, மேசைமேல். கூடாரத்துக்குள் கேஸ் ஹீட்டரைக் கொண்டுபோகும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மூடிய சிறு இடத்தில் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் வந்து தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதில் நான் யாரோடும் சமாதானமாகப் போகமாட்டேன். இந்த இருவரிடமும் ஹீட்டர் இல்லை. கெட்டிலில் கொதித்த நீரை இரண்டு தடித்த பிளாஸ்டிக் போத்தல்களில் ஊற்றி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்தார் அந்த அம்மா. பிறகு ஒவ்வொன்றையும் ஒரு கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து மேலே கொடுத்தார். படுக்கைக்குள் கால் வைக்கும் இடம் முன்கூட்டியே சூடாகட்டும்.

சாப்பிட்டார்கள். பட்டாணியும் இறைச்சியும் போட்ட கெட்டிக் குழம்பு. ரொட்டியை அதில் தோய்த்து நிதானமாக. வயிறு காலியாகப் படுத்தால் உடம்பு எதை எரித்துச் சூடாகும்? ஏறுவதற்கு முன் பெரியவர் ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடினார். அந்த அம்மா போய், எதிரெதிரே இரண்டு ஜன்னல்களின் மேல்விளிம்பை மட்டும் ஒரு சாண் திறந்துவைத்தார். மூச்சில் வரும் நீராவி எங்காவது போக வேண்டும். அடைத்தால் உறைந்து விடியற்காலையில் முகத்தில் உதிரும். குளிரில் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னால் யாரும் எளிதில் கேட்கமாட்டார்கள். பெரியவர் கேட்டார்.

இரவைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்கு வெயில் ஏணியைத் தொட்டபோது அவர்கள் கம்பளித் தொப்பியோடு இறங்கினார்கள். பெரியவர் காப்பி போடக்கூட நிற்கவில்லை. மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அடியில் கையை விட்டுத் துழாவினார். தலைப்பக்கம் உலர்ந்திருந்தது போலும், தலையசைத்தார். கால்பக்கமும் அப்படியே. நடுவில் வந்ததும் கை நின்றது. கீல் பள்ளத்தை ஒட்டி மெத்தையில் ஈரம் ஒரு கோடாகப் படிந்திருந்தது. திணித்த சுருள் இரவில் நழுவி ஓரத்துக்குப் போயிருக்கிறது.

அந்த அம்மா ஏதோ சொல்ல, பெரியவர் காருக்குள் தேடி அளவு நாடாவையும் கத்தியையும் கொண்டுவந்தார். மிச்சமிருந்த ஒரு மஞ்சள் சதுரத்தை மேசைமேல் வைத்துப் பள்ளத்தின் அகலத்துக்கு நீளநீளமாக அரிந்தார். மூன்று பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுநாடாவால் சுற்றினார். அந்த அம்மா இம்முறை அவரை ஏறவிடவில்லை. தானே ஏறி, பட்டையைப் பள்ளத்தில் பொருத்தி, முழங்காலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்திக்கொண்டே போனார். அன்றிரவு இன்னும் குளிரும் என்று பூங்கா அலுவலகப் பலகையில் எழுதியிருந்தார்கள்.