கண்ணாடி மேல் சுழன்ற பேட்டரி

போனின் திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு நாளாக விரலால் அமுக்கி அமுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்பது பெங்களூரு நீலசந்திராவில் ஒரு ரிப்பேர் கடை வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் பேட்டை அது. கறிக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. கடைக்கார பாய் போனை வாங்கி, ஓரத்தைப் பார்த்தார்.

"அமுக்கினீங்களா?"

தலையாட்டினேன்.

"இனிமே அமுக்காதீங்க சார். உள்ளே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிச்சுன்னா நெருப்புதான்."

உடனே திறக்கவில்லை. சார்ஜ் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது. முதலில் இறங்கட்டும் என்றார். ஒரு வீடியோவை ஓடவிட்டு, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்தார். காத்திருந்த நேரத்தில் எனக்கு ஒரு வித்தை காட்டினார். நல்ல பேட்டரி ஒன்றைக் கல்லாவின் கண்ணாடி மேல் வைத்துச் சுண்டினார். அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றது. மணல் நிரப்பிய தகர டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்து லேசாகத் தட்டினார். பம்பரமாகச் சுற்றியது. அடி தட்டையாக இருந்தால் ஒட்டி நிற்கும். வயிறு தள்ளியிருந்தால் சுழலும். கருவியே வேண்டாத சோதனை.

பேட்டரியின் வெள்ளி நிறப் பைக்குள் இருப்பது சுருட்டித் தட்டையாக்கிய ஒரு பொட்டலம்: கோபால்ட் ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு, கிராஃபைட் பூசிய செம்புத் தகடு, இரண்டும் தொடாதபடி இடையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து உட்காருகின்றன. 3.35 ஆங்ஸ்ட்ராம் இருந்த அடுக்கு இடைவெளி 3.70 ஆகிறது. அதாவது கிராஃபைட் ஏறக்குறைய 10 சதவீதம் உப்புகிறது. சார்ஜ் இறங்கினால் பழையபடி ஒடுங்குகிறது. சட்டைப்பையில் இருக்கும் பேட்டரி தினமும் இப்படி மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இது நோயில்லை.

என் போனில் நடந்தது வேறு. சூட்டிலும், அளவுக்கு மீறிய சார்ஜிலும், வயதானாலும் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் சிதைந்து, கரியமில வாயு, எத்திலீன் போன்றவை உண்டாகின்றன. ஒட்டி மூடிய பையிலிருந்து அவை வெளியேற வழியில்லை. அந்த வீக்கம் வற்றாது.

சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் பாய் பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றினார். பேட்டரி பூரி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஊசியால் குத்திக் காற்றை இறக்குபவர்களும் உண்டாம். அதைச் சொல்லும்போதே காதைத் தொட்டுக்கொண்டார். பேட்டரியை எடுத்த பிறகு அது இருந்த குழியைக் காட்டினார். புது பேட்டரியை வைத்தால் பக்கத்தில் ஒரு நகக்கண் அளவு வெற்றிடம், மேலே அதைவிடக் குறைவு. "கம்பெனிக்காரன் சும்மா விடலை சார் இதை. தடியான டூப்ளிகேட்டைத் திணிச்சா இந்த இடம் போயிடும்."

அந்த இடத்தின் விலையை 2016இல் உலகமே பார்த்தது. சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்தன; சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. 2017 ஜனவரியில் வெளியான ஆய்வு முடிவின்படி, முதல் வகை பேட்டரியின் மேல் மூலையில் பை மிக நெருக்கமாக இருந்ததால் மின்முனை மடங்கியிருந்தது. மாற்றாக வந்த பேட்டரியிலோ கோளாறு வேறு: பற்றவைப்பில் பிசிறு.

மின்சார கார், ஸ்கூட்டர் பேட்டரிகளில் இடம் விட்டால் மட்டும் போதாது. தகடுகள் விலகினால் லித்தியம் சீராகப் போய்வராது. அதனால் செல்களுக்கு நடுவே நுரைப்பட்டை வைத்து, இரு முனையிலும் பலகை போட்டு இதமாக இறுக்குகிறார்கள். இரும்பு பாஸ்பேட் வகையில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு: சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் உப்ப, எதிர்ப்பக்கம் 7 சதவீதம் போலச் சுருங்குகிறது. ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஈடாகிறது.

அடுத்த தலைவலி சிலிக்கான். எடைக்கு எடை கிராஃபைட்டைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் லித்தியத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் அப்போது சிலிக்கானின் பருமன் மூன்று, நான்கு மடங்காகப் பெருத்து, துகள்கள் நொறுங்கும். அதனால்தான் கிராஃபைட்டோடு கொஞ்சமாகக் கலக்கிறார்கள். துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் பசையாக, பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் நன்றாக வேலை செய்வதாக 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் முங்கி எடுக்கிறார்களே, அந்தப் பாசிகளில் பழுப்பு வகையும் உண்டு. பாயிடம் சொன்னேன். "பாசியா?" என்று சிரித்துவிட்டு, என் பழைய பேட்டரியை மணல் டப்பாவில் போட்டு மூடினார். அது மறுசுழற்சிக்காரரிடம் போகும். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

உங்கள் போன் திரையின் ஓரத்தில் விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு வெளிச்சம் தெரிந்தால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். தலையணை அருகே வைக்காதீர்கள். அமுக்கவே அமுக்காதீர்கள்.