கிட்னி ரொம்ப நல்லா இருக்கு!

"உங்க தம்பிக்கு கிட்னி ரொம்ப நல்லா வேலை செய்யுது சார். அதான் பிரச்னையே!"

ஐ.சி.யூ. டாக்டர் இப்படிச் சொன்னதும் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். பதினோரு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நியூஸ் பேப்பர் விரித்துப் படுத்துக் கிடப்பவனிடம் விளையாட்டா?

2023 ஜூலையில் நடந்தது. தம்பிக்கு இருபத்தாறு வயது. ஆபீஸ் முடிந்து பைக்கில் வந்தவன் விழுந்து தலையில் அடி. வென்டிலேட்டர். ஆறாவது நாள் நிமோனியா, கொதிக்கிற ஜுரம். மெரோபெனம் என்று ஒரு ஆன்டிபயாடிக், எட்டு மணி நேரத்துக்கு ஒரு கிராம். கிருமி இந்த மருந்துக்குச் சாகும் என்றுதான் கல்ச்சர் ரிப்போர்ட்டும் சொன்னது. ஆனால் ஜுரம் அசையவில்லை.

இப்போது டோஸை இரண்டு மடங்காக்கப் போகிறாராம். நானோ அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். வேலை செய்யாத மருந்துக்கு டபுள் பில்லா? "தீட்டிடுவாங்கப்பா, ஜாக்கிரதை" என்று எங்கள் ஹெட் கிளார்க் வேறு ஓதியிருந்தார்.

கேட்டே விட்டேன். "கிரியேட்டினின் நார்மல்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க? அப்புறம் எதுக்கு ஏத்தறீங்க, பில்லுக்கா?"

டாக்டர் என்னைவிடச் சின்னவர். கோபப்படவில்லை. ஒரு சீட்டை எடுத்து ஓட்டை வாளி ஒன்றை வரைந்தார்.

"தண்ணி ஊத்த ஊத்த ஓடிடுது. தண்ணி மேலயா சார் தப்பு? பெரிய அடிபட்ட இளவட்டங்களுக்கு இதயம் வேகமா ரத்தத்தைத் தள்ளும். கிட்னியும் வேகமா வடிகட்டி மருந்தை வெளியே அனுப்பிடும். ரத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் நார்மலாவே காட்டும். எட்டு மணி நேர யூரினைப் பிடிச்சு அளந்தாத்தான் தெரியும். நிமிஷத்துக்கு 130 மில்லியைத் தாண்டினாலே அதிகம்னு சொல்வோம். உங்க தம்பிக்கு 190."

இந்த மருந்துக்கு இன்னொரு குணமாம். எவ்வளவு உச்சத்துக்கு ஏறுகிறது என்பதைவிட, எத்தனை மணி நேரம் ரத்தத்தில் போதிய அளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு. எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் ஹெட் கிளார்க் போல காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் ஃபைல் நகராது. சீட்டில் உட்கார வேண்டும்!

"பக்கத்து பெட் பெரியவருக்கு கிட்னி மந்தம். இதே மருந்தைக் குறைச்சுத்தான் கொடுக்கறோம். தேங்கினா ஃபிட்ஸ் வரலாம்" என்றார்.

இது பழைய கதையும்கூட. 1941ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள். கையிருப்பு கொஞ்சம். கிட்னி வெளியே தள்ளியதை அவர் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். தேறி வந்தவர், மருந்து தீர்ந்ததும் நோய் திரும்பி இறந்துபோனார்.

"டோஸை ஏத்தினா பிழைச்சுடுவானா டாக்டர்?"

"உத்தரவாதம் தர முடியாது சார். வயசு, எடை, கிட்னி எல்லாத்தையும் போட்டா கம்ப்யூட்டர் ஒரு டோஸ் சொல்லும். ரத்தத்துல மருந்தை அளந்தும் மாத்தலாம். ஜெர்மனியில தினமும் அளந்து கொடுத்துப் பார்த்தாங்க. 2022ல ரிசல்ட் வந்தது. பெரிசா வித்தியாசம் தெரியலை. அதுக்காக ஓட்டை தெரிஞ்சும் சும்மா இருக்க முடியுமா?"

மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

ஒவ்வொரு வேளையும் இரண்டு கிராம், மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது. நாலாம் நாள் ஜுரம் இறங்கியது. மருந்தா, அம்மாவின் வேண்டுதலா என்று வீட்டில் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது.

அந்த வாரக் கடைசியில் பில்லைப் பார்த்தேன். மெரோபெனம் பாதியாகியிருந்தது. மறுபடி யூரினை அளந்திருக்கிறார். கிட்னி நிதானத்துக்கு வந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவராகவே டோஸைக் குறைத்திருக்கிறார்.

நேரே போய் நின்றேன். "டாக்டர்... அன்னிக்குப் பில்லுன்னு..."

"விடுங்க சார். நீங்க கேட்டதாலதானே வாளி வரைஞ்சேன்!"

அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. தம்பி அதைக் காட்டி, "என் கிட்னி சூப்பர் கிட்னியாக்கும்!" என்று பீற்றிக்கொள்கிறான்.

ஹெல்மெட்டை அவன் மடியில் வைக்கிறேன்.