வலிக்குச் சாட்சியாக நிற்றல்

மருந்து எழுதித் தரும் அதிகாரம் இந்தியாவில் பொதுவாகச் செவிலியருக்கு இல்லை. ஆயினும் அந்த மருந்து தேவைப்படும் வேளையில் நோயாளியின் அருகில் இருப்பவர் பெரும்பாலும் அவரே என்பதால், தமக்காகப் பேச இயலாதவருக்காகப் பரிந்துபேசும் பொறுப்பு அவருடைய தொழிலிலேயே அடங்கிவிடுகிறது. முற்றிய புற்றுநோயாளிகள் படுத்திருக்கும் பொது வார்டில் இப்பொறுப்பின் இயல்பு தெளிவாகப் புலப்படும்.

காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் கேட்கும்போது "பரவாயில்லைங்க" என்று சொல்லும் மூதாட்டி, நள்ளிரவில் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பதை இரவுப் பணியில் இருப்பவரே காண்கிறார். மருத்துவரைத் தொந்தரவு செய்யலாகாது என்ற கூச்சமும், மகனுக்குச் செலவு வைக்கிறோமே என்ற மனவருத்தமும், வலி கூடிவிட்டது என்றால் நோயும் முற்றிவிட்டது என்று ஆகிவிடுமோ என்ற அச்சமும் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்திருக்கின்றன. "அந்தம்மாவுக்கு ரொம்ப வலி, டாக்டர்" என்று பொதுவாகச் சொல்வது ரவுண்ட்ஸின் அவசரத்தில் காற்றோடு போய்விடும். மாறாக, வலியே இல்லாத நிலையை 0 என்றும் தாங்க முடியாத நிலையை 10 என்றும் கொள்ளும் அளவுகோலின்படி, "இரவு 2 மணிக்கு 8, மாத்திரை தந்து ஒரு மணி நேரம் கழித்து 7, விடியும்வரை உறக்கமில்லை" என்று கேஸ் ஷீட்டில் ஏறிய வரியைப் படித்துவிட்டு எவரும் எளிதில் கடந்து செல்வதில்லை. மறதிநோயால் பேச்சிழந்தவருக்கு மூச்சு, முனகல், முகக்குறி, உடலசைவு, தேற்றினால் தேறுகிறாரா என்பது ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டும் முறையும் உண்டு.

மருத்துவரிடம் பேசுவதைவிடக் குடும்பத்தாரிடம் பேசுவதே பல வேளைகளில் கடினமானது. புற்றுநோய் வலியைப் படிப்படியாக வலுவான மருந்துகளால் தணிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்தது. அதன் மேல்படியில் இருப்பது மார்ஃபின். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் இந்தியாவில் கிடைப்பதற்கு அரிதாகிப்போன இம்மருந்துக்கான கட்டுப்பாடுகள் 2014இன் திருத்தத்தால் தளர்ந்தன. மக்களின் அச்சம் அவ்வளவாகத் தளரவில்லை. "கடைசி நேரத்துக்குக் குடுக்கிற மருந்துதானே, சிஸ்டர்?" என்று கேட்கும் மகனிடம், சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்பதால் வலி வரும்வரை காத்திராமல் நேரம் பார்த்துத் தரவேண்டும் என்பதையும், மலச்சிக்கல் உண்டாகும் என்பதால் மலமிளக்கியை முதல் நாளே தொடங்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பின்னதைச் சொல்லாமல் விட்டால், வயிறு கட்டிக்கொண்டதும் குடும்பத்தார் மார்ஃபினையே நிறுத்திவிடுவார்கள். வலி திரும்பும், பழி மருந்தின்மேல் விழும்.

பரிந்துபேசுவது என்பது நோயாளியின் இடத்தில் அமர்ந்து முடிவெடுப்பது ஆகாது என்பதை ஆர்வமிக்க செவிலியர்கள்தாம் அடிக்கடி மறக்கிறார்கள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று குடும்பம் வேண்டும்போது, பொய் சொல்லவும் கூடாது, உண்மையைப் போட்டு உடைக்கவும் கூடாது. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அந்த விடையை மருத்துவரிடமும் மகனிடமும் கொண்டுசேர்ப்பதே முறை.

ஒரே செவிலியர் முழு வார்டையும் பார்க்கும் இரவில் இவையெல்லாம் நடைபெறும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. பணியிடங்களை நிரப்பக் காலம் ஆகலாம். ஆனால் காய்ச்சலும் நாடியும் குறிக்கும் அட்டவணையில் வலிக்கென்று கட்டம் இல்லாத வார்டுகளில், அந்த ஒரு கட்டத்தையாவது மருத்துவமனை நிர்வாகங்கள் உடனே அச்சிட்டுத் தரவேண்டும்.