கூட்டத்துக்கு ஒரு வாழைப்பழ இனிப்பு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கூட்டம் கூடினால் வாழைப்பழப் புட்டிங்தான். பிஸ்கட், பழத்துண்டு, கஸ்டர்டு என்று அடுக்கி, பிஸ்கட் ஊறும்வரை மணிக்கணக்கில் குளிரூட்ட வேண்டும். மல்லாங்கிணறு போன்ற மானாவாரி ஊரின் வெயிலில், 200 பேர் வரும் விசேஷத்துக்கு அவ்வளவு பெரிய ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? பாலும் முட்டையும் சேர்ந்த கஸ்டர்டு வெளியே இருந்தால் சீக்கிரம் கெட்டுவிடும்; நறுக்கிய பழமும் கறுத்துப்போகும்.

மானாவாரிச் சீமைக்குத் தோதானது பஞ்சாமிர்தம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு உகந்த பழம் விருப்பாச்சி மலைவாழை: நீர்ச்சத்து குறைவு, பிசைந்தால் கெட்டியாக நிற்கும். நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். கூடவே கற்கண்டு, பேரீச்சை. சொட்டுத் தண்ணீர் சேராது. பழத்தின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. கெடாமல் நிற்கும் சூட்சுமம் அவ்வளவுதான்.

மலைவாழை கிடைக்காத ஊரில் கற்பூரவள்ளி போதும். தோலில் கரும்புள்ளி விழுமளவு கனிந்திருக்க வேண்டும். பழத்தை மசித்துச் சர்க்கரையைப் போட்டு, அது கரைந்த பிறகு உருக்கிய நெய்யை ஊற்றி, தேனைக் கடைசியில் விடலாம். பரிமாறுகிறவர்கள் தயவுசெய்து ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விட்டுவிட வேண்டாம்.