காலருக்குப் பின்னால் ஒரு நாடு

சட்டைக் காலரின் உட்புறத்தில் இரண்டு துணிப்பட்டைகள் இருக்கும். பெரியதில் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், நாட்டின் பெயர். வாங்குபவர் காசு கொடுப்பது முதல் பட்டைக்கு. சந்தேகப்படுவது இரண்டாவது பட்டையை. 'இத்தாலியில் தைத்தது' என்றிருந்தால் உசத்தி, 'பங்களாதேஷில் தைத்தது' என்றிருந்தால் மட்டம் என்று உலகம் முழுக்க ஒரு கணக்கு உண்டு. தையல் வேலை வெளிநாட்டுக்குப் போனதால் சட்டை மலிந்தது, மலிந்ததால் தரம் கெட்டது என்பது அந்தக் கணக்கின் சாரம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்காவுக்குத் தேவையான சட்டையை அமெரிக்காவே தைத்த காலம் ஒன்று இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகருக்குக் 'காலர் நகரம்' என்றே பெயர். கழற்றி மாட்டும் காலர்கள் 19ம் நூற்றாண்டில் அங்கே மலைமலையாகத் தயாராயின. அவற்றை வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டவர்கள் பெண்கள். நாளெல்லாம் கொதிநீர் ஆவியிலும் இஸ்திரிச் சூட்டிலும் நின்ற அவர்களை 1864ல் கேட் முல்லானி என்ற ஐரிஷ் பெண் சங்கமாகத் திரட்டினார். வேலைநிறுத்தம் செய்து 25 சதவீதக் கூலி உயர்வும் வாங்கினார். ஆரோ சட்டையின் பூர்வீகம் அந்த ஊர்தான். 1993ல் அர்விந்த் நிறுவனம் அந்தப் பெயரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது ட்ராயின் காலர் மகிமை பழங்கதையாகியிருந்தது.

மெய்ன் மாநிலத்தின் வாட்டர்வில் ஊரில் 1837ல் தொடங்கிய ஹாத்தவே இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 1951ல் விளம்பர மேதை டேவிட் ஓகில்வி, ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை அணிந்த மனிதருக்கு ஹாத்தவே சட்டையைப் போட்டுவிட்டுப் படம் எடுத்தார். அந்தக் கண்பட்டை உலகப் புகழ் பெற்றது. விளம்பரத்தின் வாசகம் பேசியதோ காலரின் வெட்டு, சட்டை வாலின் நீளம், சிப்பிப் பட்டன், தையலின் நேர்த்தி ஆகியவற்றை. சட்டையை அப்படி விவரித்து விற்க முடிந்த காலம் அது. 2002ல் வாட்டர்வில் தொழிற்சாலை மூடப்பட்டது. 165 வருடங்கள். அங்கிருந்த கைகள் திடீரென்று மோசமாகத் தைக்கத் தொடங்கவில்லை. அதே சட்டையை மிகக் குறைந்த கூலிக்குத் தைக்கும் கைகள் வேறிடத்தில் கிடைத்துவிட்டன, அவ்வளவுதான்.

அந்தக் கைகள் கிடைத்த கதை விசித்திரமானது. ஆசியச் சட்டைகள் வந்து குவிவதைத் தடுக்கத்தான் பணக்கார நாடுகள் 1974ல் பன்னாட்டு இழை ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. எந்த நாட்டிலிருந்து எத்தனை ஆடை வரலாம் என்று கோட்டா வைத்தார்கள். கொரியாவின் கோட்டா நிரம்பியது. உடனே கொரிய நிறுவனமான டேவூ, கோட்டா தொடப்படாமல் கிடந்த வங்கதேசத்தைத் தேடிப் போனது. 1979ல் சிட்டகாங்கின் தேஷ் கார்மென்ட்ஸுக்காக 130 பேர் கொரியாவின் பூசான் நகரில் ஆறு மாதம் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். அடுத்த சில வருடங்களில் அவர்களில் 115 பேர் அங்கிருந்து விலகிப் புதிய தொழிற்சாலைகளை ஆரம்பித்தார்கள் அல்லது அவற்றில் சேர்ந்தார்கள். ஒரு நாட்டின் தொழிலுக்கே அவர்கள் விதைநெல். கோட்டா முறை 2004 முடிவில் போனது. அதற்குள் வெள்ளம் அணையைச் சுற்றிக்கொண்டு எங்கெங்கோ பாய்ந்துவிட்டது.

விலைக்கு என்ன ஆயிற்று? அமெரிக்க அரசின் விலைக் குறியீட்டின்படி, 1993க்கும் 2019க்கும் இடையே அங்கே பொது விலைவாசி ஏறக்குறைய முக்கால் மடங்கு ஏறியது. ஆடைகளின் விலை ஏறவில்லை, சற்று இறங்கியது. வீட்டு வாடகை, ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரிக் கட்டணம் எல்லாம் உயர்ந்தபோது சட்டை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. வெளிநாட்டுத் தையலின் லாபம் வாங்குபவருக்கும் வந்திருக்கிறது. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் முழுக்க வந்ததா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வங்கதேச ஆடைத் தொழிலாளிக்கு 2023 டிசம்பரில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. மாதத்துக்கு 208 மணி நேரம் என்றால் மணிக்கு 60 டாக்கா. ஒரு முழுக்கை ஃபார்மல் சட்டையைத் தைக்கத் தொழிற்சாலை நிர்ணயிக்கும் நேரம் ஏறக்குறைய 20 நிமிடம். நடைமுறையில் இரு மடங்காகும் என்றே வைத்துக்கொண்டால் தையல் கூலி 40 டாக்கா. டாலருக்கு 120 டாக்கா என்ற கணக்கில் 33 சென்ட். துணி வெட்ட, பிசிறு நீக்க, இஸ்திரி போட, மடித்துப் பெட்டியில் அடைக்க என்று இன்னொரு 33 சென்ட் சேர்த்தாலும் ஒரு டாலரைத் தொடாது. 2009 முதல் மாறாமலிருக்கும் அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலியில் இதே வேலைக்கு ஒன்பதரை டாலருக்கு மேல் ஆகும். சட்டைக்கு ஒன்பது டாலர் மிச்சம்.

அந்த மிச்சத்தில் கப்பல் கூலியும் இறக்குமதி வரியும் கொஞ்சம் தின்றுவிடுகின்றன. பருத்திச் சட்டைக்கு அமெரிக்கா நீண்டகாலமாக விதித்துவந்த அடிப்படை வரியே 19.7 சதவீதம். பிறகு இடைத்தரகர், கிடங்கு, கடை வாடகை, விளம்பரம், விற்காமல் தேங்கித் தள்ளுபடியில் போகும் சரக்கின் நஷ்டம். அறுபது டாலர் சட்டையில் தைத்தவளின் பங்கு எவ்வளவு சிறியது என்றால், அதை இரட்டிப்பாக்கினாலும் விலைச்சீட்டில் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனாலும் பேரம் பேசும்போது முதலில் கை வைக்கப்படுவது அதில்தான்.

இனி தரம். நல்ல சட்டைக்கு அடையாளங்கள் உண்டு. தையல்காரர்களுக்கு அவை தெரியும். இரண்டு ஊசி மெஷினில் ஒரே ஓட்டமாகப் பக்கத்தை மூடினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் நாலு சலவைக்குப் பின் ஓரம் சுருங்கும். ஒற்றை ஊசியில் இரண்டு முறை ஓட்டினால் நேரம் கூடும், தையல் படிந்து நிற்கும். அங்குலத்துக்கு 18 தையல் விழும் இடத்தில் 12 விழுந்தால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். காலருக்குள் வைக்கும் கேன்வாஸை மட்டமான பசையால் ஒட்டினால் சில மாதங்களில் குமிழி கிளம்பும். காஜாவின் நெருக்கம், பட்டனின் பிடிப்பு, பாக்கெட்டின் கோடு சட்டையின் கோட்டோடு சேர்வது, எல்லாமே நிமிடக் கணக்கு. கசங்காத சட்டை வேண்டும் என்றால் துணிக்கு ரெசின் ஏற்றுகிறார்கள். இஸ்திரி வேலை மிச்சமாகும், பருத்தி இழையின் வலு குறையும்.

இதில் ஒன்றைக்கூடத் தீர்மானிப்பது தைக்கும் நாடு அல்ல. தையல் எத்தனை, எந்த நூல், என்ன பட்டன் என்பதெல்லாம் ஆர்டர் கொடுக்கும் கம்பெனி அனுப்பும் தாளில் இருக்கும். தொழிற்சாலை அதன்படி தைக்கும். ஹாங்காங்கைச் சேர்ந்த டால், எஸ்குவெல் என்ற இரு நிறுவனங்கள் உலகின் பெரிய பிராண்டுகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவை. தையலோரம் சுருங்காமலிருக்க உள்ளே பசைநாடா வைத்துத் தைக்கும் முறையின் காப்புரிமைக்காக இரண்டும் அமெரிக்க நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டன. நுட்பம் தெரியாத ஊர்கள் அல்ல இவை.

இந்தியர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டெல்லி சரோஜினி நகரிலும் மும்பை ஃபேஷன் ஸ்ட்ரீட்டிலும் பட்டை வெட்டப்பட்ட 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' சட்டைகளைப் புரட்டித் தேடியவர்களுக்கு அந்த ரகசியம் தெரியும். வெளிநாட்டு ஆர்டருக்காக இந்தியக் கைகள் தைத்த சட்டை, உள்ளூர்க் கடைக்காக அதே கைகள் தைத்த சட்டையைவிட ஏன் நேர்த்தி? தாள் வேறு, கொடுத்த நிமிடம் வேறு. 2011ல் வங்கதேச ஆடைகளுக்கு இந்தியா வரியை நீக்கிய பிறகு இந்தியக் கடைகளிலும் அந்த நாட்டின் பட்டை சகஜமானது. 2025 மே மாதம் நில எல்லை வழியாக அவை வருவதை அரசு தடுத்து, கொல்கத்தா, நவ சேவா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்றது. அன்றுதான் பலருக்கு, தங்கள் சட்டை எங்கிருந்து வருகிறது என்பதே தெரிந்திருக்கும்.

விலையை இன்னும் குறை என்று வாங்கும் கம்பெனி சொல்லும்போது தொழிற்சாலை முதலாளி என்ன செய்வார்? துணியில் கொஞ்சம், நூலில் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் தாளை மீறினால் சரக்கு திரும்பி வந்துவிடும். செக்கிங்கில் அகப்படாத செலவுகள் வேறு இருக்கின்றன. ஓவர்டைம் கூலி, அவசர வழி, கட்டடம்.

2013 ஏப்ரல் 23 அன்று சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. மேல் மாடிகளின் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளில் மட்டும் தொழிலாளர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். ஆர்டரைக் குறித்த தேதியில் அனுப்பியாக வேண்டும். காலையில் கட்டடம் இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். அனுமதியில்லாமல் மாடி எழுப்பியது உரிமையாளரின் குற்றம், கண்ணை மூடிக்கொண்டது அதிகாரிகளின் குற்றம். ஆனால் விரிசலைப் பார்த்த பிறகும் மெஷின்களை ஓடவைத்த அவசரம் அந்த ஊரில் மட்டும் உற்பத்தியானதல்ல.

அதற்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தூண்கள் பலப்படுத்தப்பட்டன, தீக்கதவுகள் வந்தன. அதனால் நியூயார்க்கிலோ லண்டனிலோ சட்டை விலை எகிறிவிடவில்லை. உயிருக்குப் பாதுகாப்பான கட்டடம் கட்டுப்படியாகாத செலவு என்ற வாதம் அத்தோடு உடைந்தது. கூலி விஷயம் அப்படி நகரவில்லை. 2023ல் சங்கங்கள் கேட்டது 23,000 டாக்கா. தெருவில் இறங்கிப் போராடியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். கிடைத்தது 12,500. ட்ராயின் சலவைப் பெண்கள் கேட்டதைத்தான் ஒன்றரை நூற்றாண்டு கழித்து இவர்களும் கேட்டார்கள்.

அடுத்த முறை சட்டை வாங்குபவர் காலருக்குப் பின்னால் நாட்டின் பெயரைத் தேட வேண்டாம். சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, பக்கவாட்டுத் தையலைப் பார்க்கலாம். அந்தச் சட்டைக்கு எத்தனை நிமிடம் கொடுக்கப்பட்டது என்பது அங்கே தெரியும். அந்த நிமிடங்களுக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் பட்டையை மட்டும் இதுவரை எந்தக் கம்பெனியும் தைத்து அனுப்புவதில்லை.